உறிஞ்சித் தின்னும் ஐஸுக்கு இத்தனை சீனி எதற்கு?

கெடாவின் திகாம் பத்துக் கடைத்தெருவில் காலை வேளையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், "தே ஓ, குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்ற குரல் மேசைக்கு மேசை கேட்கும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலர் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள். இன்னும் சிலர் "கோசோங்" என்று சொல்லிச் சீனியே வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்கள். கிளினிக்கில் டாக்டர் எச்சரித்திருப்பார், அல்லது வீட்டில் மகள் கண்டித்திருப்பாள். காரணம் எதுவானாலும் கலக்குபவர் மறுபேச்சில்லாமல் கலக்கிக் கொடுக்கிறார். இந்த வட்டாரத்தில் சீனியைக் குறைப்பது இப்போது வெட்கப்படும் விஷயமாக இல்லை. நல்ல மாற்றம் இது.

ஆனால் அதே மனிதர் மாலையில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனால் "குராங் மானிஸ்" என்று யாரிடம் சொல்வது? அது எங்கோ ஒரு தொழிற்சாலையில் முன்பே கலக்கி, உறையவைத்து, உறை போட்டு வந்துவிட்டது. வேண்டும் என்றால் வாங்கலாம், வேண்டாம் என்றால் விடலாம், அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் பிள்ளையிடம் வேண்டாம் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? குளிர்ந்த தின்பண்டத்தில் இனிப்பின் அளவைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு ஒரே இடம்தான் மிச்சம்: வீட்டு ஐஸ்பெட்டி.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆக இறங்கியது. இறங்கியும் ஆறு பேரில் ஒருவர் என்ற நிலைதான். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று எந்த ஊரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும், இனிப்பு நீர் உள்ள ஒருவரையாவது பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

ரப்பர் தோட்டத்து வாழ்க்கையில் இனிப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. விடியுமுன் எழுந்து, சீனி போட்ட கறுப்புக் கோப்பியைக் குடித்துவிட்டு, வாளியும் கத்தியுமாகப் பால் மரங்களுக்கு நடந்தவர்களுக்கு அந்தச் சீனி நண்பகலுக்குள் எரிந்துபோகும். பசும்பால் எளிதில் கிடைக்காத இடத்தில் டின் பால் வந்து அமர்ந்தது. இன்று நெஸ்லே என்று அழைக்கப்படும் நிறுவனம் 1912 இல் பினாங்கில் கால் வைத்தபோது அதன் பெயரிலேயே டின் பால் இருந்தது: ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி. கெட்டுப்போகாது, ஐஸ்பெட்டி தேவையில்லை, ஒரு கரண்டி விட்டால் தேநீர் பாலாகவும் இனிப்பாகவும் ஆகிவிடும். மின்சாரம் எட்டாத லயத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் வேறு இருக்கவில்லை.

இப்போது தோட்டங்கள் பலவும் தாமான்களாகிவிட்டன. பால் மரம் நின்ற நிலத்தில் செம்பனையோ மாடி வீடுகளோ நிற்கின்றன. பிள்ளைகள் பக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கும், 1996 இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வேன் ஏறி வேலைக்குப் போகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, பெரும்பாலும் குளிரூட்டிய கூடத்தில், ஒரே இடத்தில். உழைப்பின் தன்மை அடியோடு மாறிவிட்டது. பல வீடுகளில் கோப்பையில் விழும் சீனி மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே விழுகிறது.

அரசாங்கம் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள அடைக்கப்பட்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பிறகு அது 50 சென் ஆனது. 2025 பட்ஜெட்டில் அதைக் கட்டங்கட்டமாக 90 சென் வரை கொண்டு போக அறிவிப்பு வந்தது. சீனிக்கு எதிரான போர் என்ற பெயரில் அமைச்சு இயக்கமும் நடத்துகிறது. ஆனால் இந்த வரி பானத்துக்கு மட்டுமே. அதே இனிப்பு உறைந்து ஐஸ்கிரீமாக வந்தால் வரியும் இல்லை, கேள்வியும் இல்லை. நிறுவனங்கள் தாமாகவே குறைக்கும் என்று காத்திருப்பது எங்கே கொண்டு விடும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே 2018 இல் பானங்களுக்கு வரி போட்டார்கள். அந்த வரிக்கு உட்பட்ட பானங்களில் சர்க்கரை 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக் போன்றவற்றுக்கு வரி இல்லாமல், 2020 க்குள் 20 விழுக்காடு குறையுங்கள் என்று வேண்டுகோள் மட்டும் வைத்தார்கள். மொத்தத்தில் குறைந்தது 3.5 விழுக்காடு.

கடையில் கிடைக்கும் சாதாரண ஐஸ்கிரீமில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் சர்க்கரை இருப்பது வழக்கம். பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸும் அதில் அடங்கும். சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது, வளர்ந்த ஆளுக்கு. இத்தனை சீனியை ஏன் கொட்டுகிறார்கள் என்று கேட்டால் இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் புரிந்துகொண்டால் வீட்டில் குறைப்பதற்கு வழி தானாகத் தெரியும்.

முதல் பதில் நாக்கில் இருக்கிறது. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. சுவை மொட்டுகளில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் ஒரு புரத வாசல் சூட்டில் நன்றாகத் திறக்கிறது, குளிரில் மந்தமாகிவிடுகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் குழு 2005 இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கடை ஐஸ்கிரீமை ஒரு கிண்ணத்தில் முழுக்க உருகவிட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். தொண்டையை அடைக்கும் அந்தப் பாகைத்தான் பிள்ளை உறைந்த நிலையில் மளமளவென்று சாப்பிடுகிறது.

இரண்டாவது பதில் மென்மை. தூய நீர் பூஜ்ஜியத்தில் உறையும். அதில் சீனி கரைந்தால் உறையும் புள்ளி கீழே இறங்கும். வீட்டு பிரீசரின் மைனஸ் 18 பாகைக் குளிரிலும் ஐஸ்கிரீமில் உள்ள நீரில் ஒரு பங்கு உறையாமல் பாகாகவே நிற்கிறது. கரண்டி உள்ளே இறங்குவது அதனால்தான். சீனியைப் பாதியாக்கினால் அந்தப் பாகும் குறைகிறது, பெட்டிக்குள் இருப்பது கல்லாகிவிடுகிறது. சீனி குறைத்து ஐஸ்கிரீம் செய்து பார்த்துக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இந்தக் கல்லைப் பார்த்துத்தான் கைவிடுகிறார்கள்.

இங்கேதான் நம் ஊர்ப் பண்டம் ஒன்று கை கொடுக்கிறது. ஐஸ்கிரீம் மலேசியா. நீண்டு ஒடுங்கிய பிளாஸ்டிக் பையில் கலவையை ஊற்றி, வாயை முடிச்சுப் போட்டு உறைய வைத்து, வீட்டு வாசலிலேயே சில்லறைக்கு விற்றார்களே, அதுதான். ஒரு தலைமுறை பத்து சென்னுக்கும் இருபது சென்னுக்கும் வாங்கித் தின்றது. மலாய், சீன, தமிழ் வீடு என்ற வேறுபாடில்லாமல், ஐஸ்பெட்டி வாங்கிய வீட்டில் எல்லாம் அது உருவானது. ஓர் ஓரத்தைப் பல்லால் கடித்து, உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் உருட்டி, உறிஞ்சித் தின்ன வேண்டியது. அதற்குக் கரண்டி இறங்கும் மென்மை தேவையே இல்லை. கொஞ்சம் கடினமாக இருந்தால் பிள்ளைக்கு இன்னும் நேரம் போகும். மென்மைக்காகச் சேர்க்கும் சீனிக்கு இந்த ஐஸில் எந்த வேலையும் கிடையாது. நாக்குக்குத் தேவையானது மட்டும் போதும். வெளிநாட்டு இயந்திரமும் புத்தகமும் தேடும் முன் நம் வீட்டுப் பிளாஸ்டிக் பையைத் தேடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வழக்கமாக இதை எப்படிச் செய்கிறார்கள்? இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. 500 கிராம் டின் ஒன்றைத் திறந்தால் கால் கிலோ உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒரு கோப்பைச் சீனி, 200 கிராம். தண்ணீரும் தேங்காய்ப்பாலும் விட்டு ஏறக்குறைய இரண்டரை லிட்டராக்கி, 60 மில்லி வீதம் 40 பை கட்டினால், ஒவ்வொன்றிலும் 11 கிராமுக்கு மேல். இரண்டு பை தின்ற பிள்ளை ஒரு நாள் அளவை ஏறக்குறைய முடித்துவிட்டது, இன்னும் இரவு மைலோ குடிக்கவில்லை.

இதையே வேறு விதமாகச் செய்யலாம். ஒரு லிட்டர் முழுப்பாலில் ஒரு கோப்பையைத் தனியே எடுத்து வைத்து, அதில் மூன்று மேசைக்கரண்டி சோளமாவையும் நான்கு மேசைக்கரண்டி பால் மாவையும் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மீதிப் பாலில் முடிச்சுப் போட்ட இரண்டு ரம்பை இலை, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று மேசைக்கரண்டி சீனி. அதாவது 40 கிராம். பால் கொதி வரும்போது கரைத்ததை ஊற்றி, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வரும். இலையை எடுத்துவிட்டு, பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சீக்கிரம் ஆறவைத்து, மூடி, ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியின் கீழ்த் தட்டில் வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கக் கூடாது. நன்றாகக் குளிர்ந்த கலவை வேகமாக உறையும். வேகமாக உறைந்தால் பனிப் படிகங்கள் சிறிதாக இருக்கும், நாக்கில் நறநறவென்று உரசாது.

மறுநாள் காலையில் பை கட்டும் வேலை. பேக்கரிச் சாமான் கடையில் இந்தப் பைகள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பையின் வாய்க்குள் சின்னப் புனலைச் செருகி, பையை ஒரு குவளைக்குள் நிற்க வைத்து ஊற்றினால் சிந்தாது. மேலே இரண்டு விரல் இடம் விட வேண்டும், ஏனென்றால் நீர் உறையும்போது 9 விழுக்காடு விரியும், இடம் விடாத பை பிரீசரில் வெடித்துவிடும். காற்றை வழித்து வெளியே தள்ளி, பையின் வாயை முறுக்கி முடிச்சிட்டு, ஈரத் துணியால் துடைத்து, ஒரு தட்டில் படுக்கை வசமாக அடுக்கி உள்ளே தள்ள வேண்டும். நிற்க வைத்தால் கனமான சத்து கீழே தங்கிவிடலாம். படுத்திருந்தால் அப்படி ஆகாது.

ஒரு லிட்டரில் பதினேழு பைகள் கட்டலாம். ஒன்றில் சேர்த்த சீனி இரண்டரை கிராமுக்குள், அரைத் தேக்கரண்டி. பாலிலும் பால் மாவிலும் உள்ள லாக்டோஸ் மூன்றரை கிராம், சோளமாவின் மாவுச்சத்து ஒன்றரை கிராம். எல்லாம் சேர்த்து ஏழரை கிராம் மாவுச்சத்துக் கணக்கு, அரைத் துண்டு ரொட்டிக்குச் சமம். நீரிழிவு உள்ளவர் தம் சாப்பாட்டுக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொண்டு ஒன்று தின்னலாம். மூன்று தின்றால் கணக்கு மாறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோளமாவும் பால் மாவும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சீனி செய்த வேலையில் ஒரு பகுதியை அவை செய்துவிடும். கடற்பாசியும் இதற்கு உதவும், லிட்டருக்கு அரைத் தேக்கரண்டித் தூள் போதும், கூடினால் ஐஸ் ஜெல்லியாகிவிடும். சிட்டிகை உப்பு இரண்டு வேலை பார்க்கிறது, உறையும் புள்ளியை இறக்குகிறது, இனிப்பை எடுத்துக் காட்டுகிறது. மணம் இன்னொரு உதவி. ரம்பை, ஏலம், சுக்கு, எலுமிச்சைத் தோல் எல்லாம் இனிப்பு குறைந்த வாயை ஏமாற்றமில்லாமல் நிறைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: உறையும் முன் சுவைக்கும்போது கலவை சற்றே இனிப்பாகத் தெரிய வேண்டும். வெதுவெதுப்பில் சப்பென்று இருப்பது குளிரில் வெறும் பால் கட்டி.

பாலோடு நிறுத்த வேண்டியதில்லை. பாசிப்பயறைக் குழைய வேகவைத்து, மெல்லிய தேங்காய்ப்பாலில் கலந்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி குலா மலாக்கா மட்டும் சீவிப் போட்டால், கடையில் கிடைக்கும் பயறு ஐஸ்கிரீம் பொத்தோங்கை விட மணமாக இருக்கும். கெட்டித் தேங்காய்ப்பாலில் கொழுப்பு 20 விழுக்காட்டுக்கு மேல், அதுவும் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்ப்பது நெஞ்சுக்கு நல்லது. கொய்யாவை அரைத்து வடிகட்டி, எலுமிச்சையும் ஓர் ஆசாம் போயும் போட்டால் சீனியே தேவைப்படாது. இளநீரை வழுக்கையோடு அப்படியே பையில் கட்டலாம். கோல மூடா கரையோரத்தில் நீப்பா மரங்கள் உண்டு. அவற்றின் நுங்கை ஏபிசி கடைகளில் பாகில் ஊறிய பிறகுதான் நாம் பார்க்கிறோம். பாகில் போடாத பச்சை நீப்பா கிடைத்தால் இளநீர் ஐஸுக்குள் இரண்டு துண்டு போட்டுப் பார்க்கலாம்.

இவற்றுள் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியது நீர்மோர் ஐஸ். தண்ணீர் விட்ட மோரில் தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, விதை நீக்கிய பச்சை மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் உப்பு சேர்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டிப் பையில் கட்டினால் ஆயிற்று. சீனி துளியும் கிடையாது. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் கெடா காயும்போது, இனிப்பு நீர் உள்ள பெரியவருக்குக் கூச்சமில்லாமல் நீட்டக்கூடிய ஐஸ் இது. ரத்த அழுத்தம் இருந்தால் உப்பை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். உறைந்த தின்பண்டம் என்றாலே இனிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பழத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முழுப் பழத்தைக் கடித்துத் தின்பதும் அரைத்துக் குடிப்பதும் ஒன்றல்ல. மிக்ஸியில் அரைபட்ட பழத்தின் சர்க்கரையைப் பிரிட்டனின் சுகாதாரத் துறை சேர்த்த சர்க்கரையின் கணக்கிலேயே வைக்கிறது. கனிந்த வாழைப்பழத்தை உறையவைத்து அரைத்தால் ஐஸ்கிரீம் போலவே வரும், உண்மைதான். ஆனால் 100 கிராமில் 12 கிராம் சர்க்கரையும் மொத்தமாக 23 கிராம் மாவுச்சத்தும் உண்டு. டுரியானில் மாவுச்சத்து அதையும் மிஞ்சும். சீனி போடாததால் மட்டும் ஒரு பண்டம் நீரிழிவுக்காரருக்கு ஏற்றதாகிவிடாது.

அதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை கருப்பட்டி, வெல்லம், தேன், குலா மலாக்கா பற்றியது. வெள்ளைச் சீனிதான் விஷம், நாட்டுச் சர்க்கரை மருந்து என்று சொல்லிக்கொண்டு இரட்டை அளவு போடும் வீடுகள் உண்டு. இவை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. மணம் உண்டு, கொஞ்சம் தாது உண்டு, அந்தத் தாதுவுக்காகத் தின்னும் அளவுக்கு இல்லை. குலா மலாக்காவின் நல்ல குணம் வேறு இடத்தில் இருக்கிறது: அதன் புகை மணம் பலமானது என்பதால் கொஞ்சம் போட்டாலே நிறையப் போட்டது போல் தெரியும். அந்த வகையில் பயன்படுத்தினால் அது நண்பன்.

செயற்கை இனிப்பு மருந்துக்கடையில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். சுக்ரலோஸ் சீனியைப் போல 600 மடங்கு இனிப்பு, சீனித்துளசிச் சாறு 200 முதல் 300 மடங்கு. துளி போதும். துளி மட்டுமே போவதால் சீனி கொடுக்கும் உடம்பும் மென்மையும் அதிலிருந்து வராது. எரித்ரிட்டால் அளவில் சீனியைப் போலப் போடக்கூடியது, ஆனால் குளிரில் அது படிகமாகிப் பல்லில் மணல் போல் அகப்படும். 2023 இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதைக் கண்டு எழுதினார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, என்றாலும் கரண்டி கரண்டியாகப் போட யோசிக்க வைக்கிறது. அதே ஆண்டு மே மாதம், உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுரை வெளியிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. ஆகவே இனிப்பு நீர் உள்ள தாத்தா தம் பையில் ஒரு துளி விட்டுக்கொள்வதில் பெரிய தவறு இல்லை. பிள்ளைகளுக்கு அது வேண்டாம். பிள்ளைகளுக்குத் தேவை இனிப்பு குறைந்த வாய், வேறு பெயரில் வரும் அதே இனிப்பு அல்ல.

வாய் பழகுமா என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் எழும். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் 2016 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலரை மூன்று மாதம் சர்க்கரை குறைத்துச் சாப்பிட வைத்தார்கள். மூன்றாம் மாதத்தில் ஒரே அளவு சீனி உள்ள புட்டிங், சர்க்கரையைக் குறைக்காதவர்களைவிட அவர்களுக்கு அதிக இனிப்பாகத் தெரிந்தது. ஆனால் இன்னும் இனிப்பாக இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. நாக்கு மாறும், ஆசை உடனே மாறாது. ஆகவே ஒரே நாளில் சீனியை அடியோடு குறைத்து வீட்டில் சண்டை வாங்குவதைவிட, ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டே வருவது புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் எப்போதும் மறக்கக் கூடாது. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்கினால், கையில் கொடுக்க வேண்டியது இந்த ஐஸ் அல்ல, சீனித் தண்ணீர்.

நியாயமான ஒரு தடை இருக்கிறது, அது காசு. வெள்ளைச் சீனியின் விலையைக் கிலோவுக்கு 2.85 ரிங்கிட்டில் அரசாங்கம் கட்டிப்போட்டது. அந்த விலையில் 40 கிராமுக்குப் 12 சென்கூட வராது. ஒரு லிட்டர் பெட்டிப் பாலுக்கு ஏழெட்டு ரிங்கிட் கொடுக்க வேண்டும். இனிப்பை ஏற்றுவது மலிவு, பாலை ஏற்றுவது செலவு. வாசலில் ஐஸ் விற்றுப் பள்ளிச் செலவைப் பார்க்கும் ஒரு தாயிடம், சீனியைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள் என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவருக்கும் வழி இருக்கிறது. பார்லியைக் குழைய வேகவைத்து வடித்த கெட்டிக் கஞ்சியில், 'தே சி'க்கு ஊற்றுவார்களே, அந்தச் சீனியில்லாத டின் பாலைக் கலந்தால் முழுப்பாலைவிடக் குறைந்த செலவில் அதே பதம் வரும். கொய்யாவும் பப்பாளியும் காய்த்துக் கொட்டும் காலத்தில் பழம் சும்மாவே கிடைக்கும். மோருக்குத் தண்ணீர்தான் முக்கால் பங்கு.

விற்பதென்றால் சுத்தமும் சேர்ந்தே வர வேண்டும். 2009 உணவுச் சுகாதார விதிகளின்படி உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். உறையவைப்பது கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். கொதிக்க வைத்த தண்ணீர், மூடிய பாத்திரம், கழுவிய கை. சீனியைக் குறைத்ததால் ஐஸ் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். பிரீசருக்குள் கெடாமல் காப்பது சீனி அல்ல, குளிர்தான்.

பொது இடங்களிலும் இதற்கு வேலை இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் நீரிழிவு அட்டையோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். எதைச் செய்து தின்னலாம் என்று அடுப்பு மூட்டிக் காட்டுவது அரிது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவமும் மருந்தியலும் தாதிமையும் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மாலை திகாம் பத்துத் தாமான் ஒன்றின் பொது மண்டபத்தில் ரத்தச் சர்க்கரை சோதிக்க அவர்கள் வந்தால், பக்கத்து மேசையில் நான்கு பெண்கள் ஐஸ் பை கட்டிக் காட்டலாம். தமிழ்ப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பழ ஐஸும் பயறு ஐஸும் ஒரு பருவம் விற்றுப் பார்க்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் முடியாத காரியம் இல்லை.

சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசத்திற்கு வரும் கூட்டம் சிறியதல்ல. காவடி எடுத்து வெயிலில் நடந்து வருபவருக்குத் தண்ணீர்ப் பந்தலில் பெரும்பாலும் நீட்டப்படுவது ரோஜா பாகும் டின் பாலும் கலந்த சிராப் பாண்டோங். உபயம் செய்பவர்கள் அன்போடுதான் கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தால், சிராப் பக்கத்தில் ஓர் ஐஸ் தோம்பு நிறைய நீர்மோர் ஐஸும் வைப்பார்கள். பத்து லிட்டர் மோரில் நூற்றைம்பது பைகளுக்கு மேல் கட்டலாம். ஒரு குடும்பம் இரண்டு இரவுகள் உட்கார்ந்தால் போதும்.

வாசலில் விற்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். பிரீசர் மூடியில் ஒட்டும் அட்டையில் விலையோடு இன்னொரு வரியையும் எழுதுங்கள்: ஒரு பையில் சீனி எத்தனை கிராம். தொழிற்சாலை எழுதும் பொடி எழுத்தில் அல்ல, தமிழில், மார்க்கர் பேனாவில், பள்ளிப் பிள்ளை தூரத்திலிருந்தே படிக்கும் அளவுக்கு. பழைய இனிப்பு ஐஸையும் புது ஐஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் விற்றுப் பார்த்தால், எது முதலில் தீர்கிறது என்பது அந்தத் தாமானுக்கே தெரிந்துவிடும்.